பயோமார்க்கர் ரிப்போர்ட்டும் நோயாளியும் ஒத்துப்போகாத இடங்கள் – அனுபவப் பகிர்வு

ஊதாமூடி:
இன்னும் மனசை அரிக்கிற ரிப்போர்ட் ஒன்று. தைராய்டைத் தூண்டும் ஹார்மோன் டிஎஸ்எச் 0.08 (குறைவு), தைராய்டு ஹார்மோன் ஃப்ரீ டி4 2.9 (அதிகம்), தைராய்டைத் தூண்டிவிடும் டிஎஸ்எச் ரிசப்டர் ஆன்டிபாடியும் பாசிட்டிவ். மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் யாருமே கிரேவ்ஸ் (தைராய்டு அளவுக்கு மீறிச் சுரக்கும் நோய்) என்றுதான் சொல்வார்கள். தைராய்டைக் கட்டுப்படுத்தும் கார்பிமசோல் சீட்டும் எழுதியாயிற்று. ஆனால் அந்த நோயில் வேகமாகும் நாடித்துடிப்பு 68, எடையும் குறையவில்லை. கையை நீட்டச் சொல்லி விரல்கள் மேல் ஒரு தாளை வைத்தால் தாள் அசையவே இல்லை, அந்த நோய்க்குரிய கை நடுக்கம் இல்லை. அந்தத் தாள்தான் எல்லாரையும் நிறுத்தியது. கேட்டால், முடி கொட்டுகிறதென்று 10 மி.கி. பயோட்டின் (ஒரு பி வைட்டமின்), காலையில் இரண்டு மாத்திரை. விழுங்கி இரண்டு மணி நேரத்தில் ரத்தம் எடுத்திருக்கிறார்கள்.

உடம்புக்கு ஒரு நாளைக்குத் தேவை 30 மைக்ரோகிராம்தான். ஸ்ட்ரெப்டவிடின் (பயோட்டினை இறுகப் பிடிக்கும் புரதம்)-பயோட்டின் பிணைப்பை நம்பி ஓடும் பரிசோதனைக் கிட்டில் இந்த உபரி பயோட்டின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும், சிக்னல் விழும். சாண்ட்விச் முறையில் (தேடும் பொருளை இரண்டு ஆன்டிபாடிக்கு நடுவில் பிடிப்பது) சிக்னல் விழுந்தால் அளவு குறைவாகக் காட்டும், டிஎஸ்எச் அப்படி. போட்டி முறையில் (மாதிரியில் இருக்கும் பொருளும் கிட்டில் இருப்பதும் ஒரே இடத்துக்குப் போட்டியிடும்; பொருள் கூடினால் சிக்னல் குறையும்) அதுவே அதிகமாகக் காட்டும்; டி4, ஆன்டிபாடி இரண்டும் அப்படி. ஒரே பொருள், மூன்று பொய், மூன்றும் கிரேவ்ஸ் என்ற ஒரே திசையில். 3 நாள் நிறுத்திவிட்டு எடுத்தால் டிஎஸ்எச் 2.1.

நிறப்பட்டை:
ஊதாமூடி சார், 3 நாள் என்பதை எல்லாருக்கும் பொது விதியாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். எத்தனை மி.கி., சிறுநீரகம் எப்படி இருக்கிறது, கிட் எவ்வளவு பயோட்டினைத் தாங்கும், மூன்றையும் பார்க்கணும். புதிய கிட்டுகள் பல நிறையவே தாங்கும். நரம்பு நோய்க்கென்று ஒரு நாளைக்கு 300 மி.கி. எடுப்பவருக்கு 3 நாள் போதாமலும் போகலாம். மாரடைப்பைக் காட்டும் ட்ரோபோனினும் சாண்ட்விச்தான். நெஞ்சு வலியோடு வந்தவரை 3 நாள் காத்திருக்கச் சொல்ல முடியுமா?

என் பங்குக்கு எச்பிஏ1சி, சிவப்பணுவில் ஒட்டிய சர்க்கரையை வைத்து கடந்த 2–3 மாதச் சராசரியைக் காட்டும் எண். வெறும் வயிற்றில் சர்க்கரை 186, எச்பிஏ1சி 4.9. "சர்க்கரை நல்ல கட்டுப்பாட்டில் இருக்கிறது" என்று மாத்திரையைக் குறைக்கப் போனார்கள். அதே தாளில் இரண்டு வரி கீழே ஹீமோகுளோபின் 8.6, ரெட்டிகுலோசைட் (புதிதாக வந்த இளம் சிவப்பணு) 9 சதவீதம். சிவப்பணு 120 நாள் வாழ்ந்தால்தான் அந்த எண்ணுக்கு அர்த்தம். பாதியில் உடைகிற அணுவில் சர்க்கரை ஒட்ட நேரமே இல்லை. இரும்புச்சத்துக் குறைவில் இது தலைகீழாகும், எச்பிஏ1சி பொய்யாக ஏறும். இரும்பு கொடுத்ததும் இறங்கும்; அந்த இறக்கத்தைச் சர்க்கரை மருந்தின் கணக்கில் எழுதிவிடுவார்கள். இப்படிப்பட்டவருக்கு ஃப்ரக்டோசமைன் (ரத்தப் புரதத்தில் ஒட்டிய சர்க்கரை) பாருங்கள், கடைசி 2–3 வாரத்தைக் காட்டும். ரத்தப் புரதமான அல்புமின் குறைந்திருந்தால் அதையும் நம்ப முடியாது.

மெழுகுபிளாக்:
மார்பகக் கட்டியில் ஹெர்2 புரதம் 3+ (வலுவான பாசிட்டிவ்), ஈஸ்ட்ரோஜன் ரிசப்டர் பாசிட்டிவ். இரண்டு வருடம் கழித்து இடுப்பெலும்பில் பரவல். அங்கே எடுத்த பயாப்சியில் இரண்டுமே 0. "நோய் குணம் மாறிவிட்டது" என்று ஹெர்2ஐத் தாக்கும் மருந்தான டிராஸ்டுஸுமாபை நிறுத்தும் பேச்சு. ஃபிஷ் (மரபணுவை ஒளிரவைத்து எண்ணும் சோதனை) போட்டால் ஒரு செல்லில்கூட சிக்னல் இல்லை, பக்கத்தில் இருக்கும் சாதாரண செல்லிலும் இல்லை. கட்டி மாறியிருந்தால் சாதாரண செல்லில் ஏன் போகணும்? எலும்பை மென்மையாக்க வலுவான அமிலத்தில் போட்டிருக்கிறார்கள். டிஎன்ஏவும் புரதமும் அங்கேயே சிதைந்துவிட்டன.

எலும்பு பயாப்சியில் மெத்தென்று வரும் துணுக்கை முதலிலேயே தனி மெழுகு பிளாக்காகப் பிரியுங்கள், அதை அமிலத்தில் காட்டவே கூடாது. மீதியை, எலும்பின் சுண்ணாம்பை மெதுவாக எடுக்கும் ஈடிடிஏவில் போடுங்கள். நாளாகும், ஆகட்டும். ரிப்போர்ட்டில் எந்தக் கரைசல், எத்தனை மணி நேரம் என்று ஒரு வரி எழுதுங்கள். திசுவைப் பதப்படுத்தும் ஃபார்மலினில் 6 முதல் 72 மணி நேரம், வெட்டியெடுத்த ஒரு மணி நேரத்துக்குள் அதில் விழணும் என்பதெல்லாம் இங்கே எல்லாருக்கும் தெரிந்ததே.

பிளாஸ்மா:
நுரையீரல் புற்று. திசுவில் ஈஜிஎஃப்ஆர் மரபணுவின் எக்ஸான் 19 நீக்கம் (அந்தப் பகுதியில் ஒரு துண்டு விடுபட்ட மாற்றம்) ஏற்கெனவே உறுதி. ஈஜிஎஃப்ஆரை அடக்கும் முதல் தலைமுறை மாத்திரை வேலை செய்யாமல் போனதும், அதற்கு எதிர்ப்பைத் தரும் டி790எம் மாற்றம் இருக்கிறதா என்று ரத்தத்தில் பார்த்தார்கள். ரிப்போர்ட்: "டி790எம் இல்லை". உடனே கீமோ. அடுத்த வரியை யாரும் படிக்கவில்லை: "எக்ஸான் 19 நீக்கம் இல்லை". கட்டியின் ஒவ்வொரு செல்லிலும் இருக்க வேண்டிய மாற்றமே கிடைக்கவில்லை என்றால், அந்த டியூபில் கட்டியின் டிஎன்ஏ கண்டுபிடிக்கிற அளவுக்கு வரவில்லை. டி790எம் பற்றி அந்த ரிப்போர்ட் ஒன்றுமே சொல்லவில்லை. திரும்ப திசு எடுத்திருக்கணும். அதில் இருந்திருந்தால் அந்த மாற்றத்துக்கு எதிராக வேலை செய்யும் ஓசிமெர்டினிப் மாத்திரை கிடைத்திருக்கும்.

யாரும் கேட்கவில்லை, ஆனாலும் எழுதுகிறேன், ரத்தம் எடுக்கிற இடத்தில்தான் பாதி கெடுகிறது. சீரம் டியூப் வேண்டாம். ரத்தம் உறையும்போது வெள்ளணு உடைந்து தன் டிஎன்ஏவைக் கொட்டும், கட்டியின் துண்டு அதில் மூழ்கிவிடும். ரத்தம் உறையாமல் தடுக்கும் ஈடிடிஏ டியூப் என்றால் 4 மணி நேரத்துக்குள் பிளாஸ்மாவைப் பிரித்தாகணும். முடியாதென்றால் செல்லை நிலைப்படுத்தும் தனி டியூப். முழு அளவு நிரப்பி, 8–10 முறை மெதுவாகக் கவிழ்த்து நிமிர்த்தி, அறை வெப்பத்திலேயே அனுப்புங்கள். பழக்கதோஷத்தில் ஃபிரிட்ஜில் வைத்துவிடுகிறார்கள், வைக்காதீர்கள். சுழற்றுவது இரண்டு முறை: முதலில் 1,600 ஜி (புவியீர்ப்பைப் போல் 1,600 மடங்கு விசை), 10 நிமிடம். மேலே நிற்கும் பிளாஸ்மாவை எடுக்கும்போது வெள்ளைப் படலத்துக்கு மேல் அரை சென்டிமீட்டர் விட்டுவிடுங்கள். அந்தக் கடைசிச் சொட்டுக்கு ஆசைப்பட்டால் வெள்ளணு கூடவே வரும். பிறகு புது டியூபில் 16,000 ஜி, 10 நிமிடம். கட்டி டிஎன்ஏ பெரும்பாலும் 170 அடியிணைக்குள் இருக்கும் குட்டித் துண்டு. அளவு பார்க்கும்போது நீளத் துண்டு மேடாக நின்றால் வெள்ளணு உடைந்திருக்கிறது, அந்த மாதிரியில் வரும் "இல்லை"யை நம்பாதீர்கள்.

வயதானவர் என்றால் வெள்ளணு டிஎன்ஏவையும் தனியாகப் படியுங்கள். டிஎன்எம்டி3ஏ, டிபி53 மரபணு மாற்றம் ரத்த அணுவிலிருந்தே வரலாம், கட்டியின் தலையில் கட்டக் கூடாது.

நிறப்பட்டை:
பிளாஸ்மா சொன்ன "இல்லை", கணையப் புற்றில் பார்க்கும் சிஏ 19-9 மார்க்கருக்கும் பொருந்தும். லூயிஸ் ஆன்டிஜன் (ரத்த வகைக் குறி ஒன்று) இல்லாத ரத்தக்காரர்கள், 5–10 சதவீதம் பேர், இந்த மார்க்கரை ஏறக்குறைய சுரப்பதே இல்லை. கணையத்தில் கட்டி ஸ்கேனில் தெரியும், எண் 2க்குக் கீழேயே கிடக்கும். அவர்களுக்கு இதை வைத்து சிகிச்சையின் பலனைப் பின்தொடர்வதில் பயனில்லை.

ஊதாமூடி:
நிறப்பட்டை, நெஞ்சு வலி விஷயம் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அங்கேயும் மாத்திரையை நிறுத்திக் காத்திருக்கத் தேவையில்லை. மிச்சமிருக்கும் அதே சாம்பிளை ஸ்ட்ரெப்டவிடின்-பயோட்டின் இல்லாத வேறு முறையில் ஓட்டுங்கள். அந்தக் கருவி இல்லையென்றால் ஸ்ட்ரெப்டவிடின் பூசிய துகளோடு சீரத்தைக் கலந்து, பயோட்டினை உறிஞ்ச வைத்து, துகளைப் பிரித்துவிட்டு மறுபடி ஓட்டலாம். பயோட்டின் எடுக்காத ஒருவரின் சீரத்தையும் கூடவே அதே மாதிரி செய்து ஓட்டுங்கள். அதில் எண் மாறினால் துகள் பயோட்டினோடு சேர்த்து வேறெதையோ இழுக்கிறது.