மூன்று மாதச் சம்பளத்துக்காக இராஜினாமாக் கடிதத்தில் கையெழுத்துப் போடலாமா?

கொட்டாஞ்சேனை வாசி

கொழும்பில் கப்பல் சரக்கு ஆவணங்கள் தயாரிக்கும் ஒரு நிறுவனத்தில் 9 ஆண்டுகளாக வேலை செய்கிறேன். நாற்பது பேரளவில் இருக்கிறோம். வியாபாரம் குறைந்துவிட்டது என்று சொல்லி எங்கள் பிரிவில் ஐந்து பேரை நிறுத்தப் போகிறார்கள். ஒவ்வொருவராக அறைக்குள் அழைத்து, ஏற்கெனவே ஆங்கிலத்தில் தட்டச்சு செய்து வைத்திருந்த கடிதத்தை நீட்டினார்கள். எனது சொந்தக் காரணங்களின் நிமித்தம் பதவி விலகுகிறேன் என்று அதில் இருக்கிறது. கீழே என் பெயர், அதற்கு மேல் புள்ளிக்கோடு. திகதியை மட்டும் வெறுமையாக விட்டிருக்கிறார்கள்.

கையெழுத்துப் போட்டால் சேவைக்காலத்துக்கான பணிக்கொடையும் அதற்கு மேல் மூன்று மாதச் சம்பளமும் தருவார்களாம். வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். மாதச் சம்பளம் 80,000 ரூபாய். வாடகை வீடு, பள்ளிக்கூடம் போகும் இரண்டு பிள்ளைகள். வேலை இழந்தவர்களுக்கு அரசாங்கம் ஏதாவது உதவித்தொகை தருகிறதா? எங்கே விண்ணப்பிப்பது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பழைய சங்கத்துக்காரர்

தம்பி, கையெழுத்துப் போடாதீர்கள்.

நீங்கள் கேட்ட உதவித்தொகை இலங்கையில் இல்லை. வேலையிழந்தோருக்கான காப்புறுதித் திட்டம் இங்கே கிடையாது, ஆகவே விண்ணப்பிக்க ஒரு கருமபீடமும் இல்லை. அஸ்வெசும என்ற அரசாங்க நலன்புரி உதவி குடும்பத்தின் வறுமை நிலையை அளந்து கொடுப்பது. நேற்று வேலை போனவருக்கு இன்று கைகொடுக்கும்படி அது அமையவில்லை.

நமக்கு இருப்பது 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டம். 15 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில், ஒழுக்காற்றுக் காரணம் இல்லாமல் ஒருவரை நிறுத்துவதென்றால் அந்த ஊழியரின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். அது இல்லையென்றால் தொழில் ஆணையாளர் நாயகத்தின் எழுத்துமூல அனுமதி வேண்டும். இரண்டும் இல்லாமல் நிறுத்தினால் அது செல்லாது. அதனால்தான் கடிதத்தைத் தயாராக வைத்துக்கொண்டு உங்களை அழைத்திருக்கிறார்கள். அனுமதி கேட்டுப் போனால் கணக்கு வழக்குகளைக் காட்ட வேண்டும், விசாரணைக்கு உட்கார வேண்டும், அது முடியும்வரை சம்பளமும் கொடுக்க வேண்டும்.

அனுமதி கிடைத்தாலும் இழப்பீட்டை நிர்ணயிப்பவர் முதலாளி அல்ல. வர்த்தமானியில் வெளியான வாய்பாடு இருக்கிறது. முதல் 5 ஆண்டுகளுக்கு ஆண்டொன்றுக்கு இரண்டரை மாதச் சம்பளம். 6 முதல் 14 வரையான ஆண்டுகளுக்கு ஆண்டொன்றுக்கு இரண்டு மாதம். உங்கள் 9 ஆண்டுக்கு 12.5 மாதமும் 8 மாதமும் சேர்ந்து 20.5 மாதச் சம்பளம். அதாவது 16 இலட்சத்து 40 ஆயிரம் ரூபாய். உச்சவரம்பு 2021இல் பன்னிரண்டரை இலட்சத்திலிருந்து 25 இலட்சமாக உயர்த்தப்பட்டது, ஆகவே அது உங்களைத் தடுக்காது. மூன்று மாதத்தையும் இருபதரை மாதத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

வெள்ளவத்தைக் கணக்காளர்

ஐயா சொல்லும் சட்டம் சரி, வாய்பாடும் சரி. ஆனால் வாடகை கட்ட வேண்டியவருக்கு அறிவுரை சொல்லும்போது பணம் எப்போது கைக்கு வரும் என்பதையும் சொல்ல வேண்டும்.

நான் பல சிறு நிறுவனங்களின் கணக்குகளைப் பார்க்கிறேன். வியாபாரம் விழுந்த நிறுவனத்தில் முதலில் நிற்பது வங்கி. கட்டடமும் வாகனமும் ஏற்கெனவே ஈடு வைக்கப்பட்டிருக்கும். ஆணையாளர் உத்தரவு பிறப்பித்தும், அதை நிறைவேற்ற நிறுவனத்தில் எதுவும் மிஞ்சாமல் போனதைக் கண்ணால் கண்டிருக்கிறேன். விசாரணை தவணைக்குத் தவணை தள்ளிப்போகும். முடிவு வந்தாலும் முதலாளி மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்குப் போகலாம். அதுவரை பால்மாவுக்கு என்ன செய்வது?

இன்னொன்று. கப்பல் சரக்குத் தொழில் கொழும்பில் சிறிய வட்டம். அடுத்த வேலைக்குப் போனால் பழைய முகாமையாளருக்குத்தான் தொலைபேசி அழைப்பு வரும். வழக்குப் போட்டவர் என்ற பெயர் ஒட்டிக்கொண்டால் அதற்கு எந்தச் சட்டமும் இழப்பீடு தராது. பணிக்கொடை 3 இலட்சத்து 60 ஆயிரம், மூன்று மாதச் சம்பளம் 2 இலட்சத்து 40 ஆயிரம், மொத்தம் 6 இலட்சம். அதை வாங்கிக்கொண்டு, நல்ல சேவைச் சான்றிதழோடு அடுத்த வேலையைத் தேடுவதே புத்திசாலித்தனம் என்பேன்.

பழைய சங்கத்துக்காரர்

அந்த 6 இலட்சத்தைப் பிரித்துப் பாருங்கள் தம்பி. 3 இலட்சத்து 60 ஆயிரம் 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கப் பணிக்கொடைச் சட்டத்தின்படி ஏற்கெனவே இவருடையது. 15 பேரோ அதற்கு மேலோ இருக்கும் இடத்தில் 5 ஆண்டு முடித்தவருக்கு, ஆண்டொன்றுக்கு அரை மாதச் சம்பளம். தானாக விலகினாலும் உண்டு, அவர்கள் நிறுத்தினாலும் உண்டு. 30 நாட்களுக்குள் கொடுக்க வேண்டும். தாமதித்தால் தாமதத்துக்கேற்ப 10 முதல் 30 சதவீதம் வரை மேலதிகமாகக் கட்ட வேண்டும். மோசடி, கையாடல், வேண்டுமென்றே நிறுவனத்தின் சொத்துக்குச் சேதம் விளைவித்தல் போன்ற காரணங்களுக்காகத்தான் அதைப் பிடித்து வைக்கலாம்.

அந்த உரிமைப் பணத்தை மேசையில் வைத்துக் கையெழுத்தோடு சேர்த்துப் பேசுவதுதான் எனக்குப் பெரும் கோபத்தைத் தருகிறது. கையெழுத்துக்கு அவர்கள் உண்மையில் கொடுப்பது வெறும் 2 இலட்சத்து 40 ஆயிரம். ஒன்பது ஆண்டு உழைத்த மனிதரிடம் இதைச் சொல்லாமல் மறைப்பது அநியாயம்.

மட்டக்குளி ரமணி

எங்கள் தெருவில் ஓர் அக்கா ஆடைத் தொழிற்சாலையில் வேலை செய்தார். இதே மாதிரிக் கடிதம்தான். கையெழுத்துப் போட்டுவிட்டு, பிறகு யாரோ சொன்னதைக் கேட்டுத் வேலை நீக்க முறைப்பாடுகளை விசாரிக்கும் தொழில் நியாய சபைக்குப் போனார். நாங்கள் நிறுத்தவில்லை, இவரே விலகினார் என்று அவர்கள் அந்தக் கடிதத்தை எடுத்து வைத்தார்கள். கட்டாயப்படுத்தித்தான் வாங்கினார்கள் என்பதை நிரூபிக்கும் சுமை அக்காவின் தலையில் விழுந்தது. அறைக்குள் நடந்ததற்குச் சாட்சி யார்? மனிதவளப் பிரிவு ஆட்கள் இரண்டு பேர்.

இன்னும் ஒன்று: நியாய சபைக்கு விண்ணப்பிப்பதென்றால் வேலை முடிந்த நாளிலிருந்து 6 மாதத்துக்குள் போக வேண்டும். பணம் வரும், பார்ப்போம் என்று காத்திருந்தே பலர் அந்தக் காலத்தைக் கடத்திவிடுகிறார்கள்.

ஸ்கார்பரோத் தம்பி

பிறந்து வளர்ந்தது பம்பலப்பிட்டியில், இப்போது கனடாவில். இங்கே வேலை போனால் தொழில் காப்புறுதி உண்டு. கடைசி வேலை நாளிலிருந்து 4 வாரத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும், முதலாளி வேலைப் பதிவுச் சான்றை அனுப்புவார். சராசரிச் சம்பளத்தில் 55 சதவீதம், ஓர் உச்சவரம்புக்கு உட்பட்டுக் கிடைக்கும். வட்டார வேலையின்மை வீதத்தையும் வேலை செய்த மணித்தியாலங்களையும் பொறுத்து 14 முதல் 45 வாரம் வரை. இரண்டு வாரத்துக்கு ஒரு முறை, வேலை தேடுகிறேன், வேறு வருமானம் வந்தது அல்லது வரவில்லை என்று அறிக்கை கொடுக்க வேண்டும்.

இதைச் சொல்வதற்குக் காரணம், இங்கேயும் தகுந்த காரணம் இல்லாமல் தானாக விலகியவருக்குக் காசு கிடையாது. வேலைப் பதிவுச் சான்றில் முதலாளி எழுதும் காரணத்தை அதிகாரிகள் முதலில் பார்ப்பார்கள். அண்ணா, எந்த நாட்டில் இருந்தாலும் நானாக விலகுகிறேன் என்று எழுதிக் கொடுப்பது பாரதூரமான விடயம்.

தெமட்டகொடை நானா

எல்லோரும் நாற்பது பேர் கொண்ட நிறுவனத்தைப் பற்றியே பேசுகிறீர்கள். புறக்கோட்டைக்கு வந்து பாருங்கள். ஒரு புடவைக் கடையில் ஆறு பேர், ஏழு பேர். நியமனக் கடிதம் இல்லை, சம்பளச் சீட்டு இல்லை, நாட்கூலி மாதிரிக் கையில் கொடுப்பார்கள். நாளைக்கு வராதே என்று சொன்னால் அதோடு முடிந்தது. 1971ஆம் ஆண்டுச் சட்டம் அந்தப் பையனுக்கு இல்லை, ஏனென்றால் 15 பேர் இல்லை. நியாய சபைக்குப் போகலாம் என்பீர்கள். அங்கே வேலை செய்தேன் என்பதையே காட்ட முடியாதவன் எதை வைத்துப் போவான்?

எனக்குத் தெரிந்து இதற்கு ஒரே வழி, மாதாமாதம் சிறு தொகை செலுத்திச் சேர்க்கும் வேலையிழப்புக் காப்புறுதி நிதிதான். முதலாளியோடு சண்டை போட்டு வாங்கும் இழப்பீடு பெரிய இடத்தில் இருப்பவனுக்கு உதவும். சின்ன இடத்தில் இருப்பவனுக்கு யாரோடும் சண்டை போடாமல் ஆறு மாதம் அடுப்பு எரிய வேண்டும்.

வெள்ளவத்தைக் கணக்காளர்

நானா, உங்கள் வேதனை நியாயம். ஆனால் யார் கட்டுவது? முதலாளி இப்போதே ஊழியர் சேமலாப நிதியத்துக்கு (ஈபிஎப்) 12 சதவீதமும், ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதியத்துக்கு (ஈடிஎப்) 3 சதவீதமும் கட்டுகிறார். ஊழியர் 8 சதவீதம். இதற்கு மேல் இன்னொன்றைச் சேர்த்தால், இன்றைக்குப் பதிவு செய்து கட்டும் சின்னக் கடைக்காரரும் நாளைக்குப் பதிவேட்டுக்கு வெளியே போய்விடுவார். நீங்கள் யாருக்காகப் பேசுகிறீர்களோ அவர்தான் முதலில் விழுவார். புதிய நிதி வேண்டாம். அந்த 3 சதவீதத்திலிருந்தே ஒரு பகுதியை வேலையிழப்புக்கென்று ஒதுக்கலாம்.

பழைய சங்கத்துக்காரர்

அதற்கு நான் ஒருபோதும் உடன்பட மாட்டேன். அந்த 3 சதவீதம் ஊழியனின் சேமிப்பு. அவனுடைய சேமிப்பையே எடுத்து அவனுக்கு உதவி என்று கொடுப்பது என்ன நீதி? கிழவனாகும்போது அவன் கையில் என்ன இருக்கும்? நிதி வேண்டும், நானா சொல்வது சரி. அது முதலாளியின் பங்கும் அரசின் பங்கும் சேர்ந்ததாக இருக்க வேண்டும். 1952இலேயே சர்வதேச தொழில் அமைப்பின் 102ஆம் இலக்கச் சமவாயம் வேலையின்மைக் கொடுப்பனவைச் சமூகப் பாதுகாப்பின் ஒன்பது கிளைகளில் ஒன்றாக வைத்துவிட்டது. நாம் இன்னும் யார் கட்டுவது என்பதிலேயே நிற்கிறோம்.

தெமட்டகொடை நானா

பதிவேட்டுக்கு வெளியே போவார் என்று பயந்தால், ஏற்கெனவே வெளியே இருப்பவனை எப்போது உள்ளே எடுப்பது தம்பி? புறக்கோட்டையில் பாதிக் கடைகளை நீங்கள் கணக்கிலேயே காண மாட்டீர்கள்.

கொட்டாஞ்சேனை வாசி

எல்லோருக்கும் நன்றி. வெள்ளிக்கிழமை கையெழுத்துப் போடவில்லை. நான் பதவி விலகவில்லை, என் சம்மதம் தேவையென்றால் நிறுவனம் தரவிருக்கும் தொகையைக் கணக்கோடு எழுத்தில் தரவும் என்று ஒரு பக்கத்தில் எழுதி, மின்னஞ்சலிலும் பதிவுத் தபாலிலும் அனுப்பினேன். முகாமையாளரின் முகம் மாறிவிட்டது, ஆனால் யாரும் அடுத்த வாரம் வர வேண்டாம் என்று சொல்லவில்லை. மற்ற நான்கு பேரில் இரண்டு பேர் ஏற்கெனவே கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். அவர்களுக்கு நான் எதுவும் சொல்ல முடியவில்லை. ஒருவருடைய மனைவிக்கு இது நிறைமாதம்.

ஒரு கேள்வி. வேலை போனால் ஈபிஎப், ஈடிஎப் காசை எடுக்க முடியுமா?

வெள்ளவத்தைக் கணக்காளர்

ஈடிஎப் எடுக்கலாம். வேலையிலிருந்து நீங்கியவர் விண்ணப்பிக்கலாம், ஆனால் 5 ஆண்டுக்கு ஒரு தடவைதான். வேலை போனது என்பதற்காக மட்டும் ஈபிஎப்பை எடுக்க முடியாது. ஆண்களுக்கு 55 வயது, பெண்களுக்கு 50. அதற்கு முன் நிரந்தரமாக வெளிநாடு போவது, நிரந்தர இயலாமை, பெண்களுக்குத் திருமணம் போன்ற காரணங்கள் வேண்டும். வீட்டுக்கும் மருத்துவத்துக்கும் 30 சதவீதம் வரை எடுக்கும் வசதி இருக்கிறது, அதற்கும் தனி நிபந்தனைகள் உண்டு. ஆகவே அதை நம்பி வாடகைக் கணக்குப் போடாதீர்கள். ஒன்பது ஆண்டும் உங்கள் பெயரில் ஒழுங்காகக் கட்டியிருக்கிறார்களா என்பதை மட்டும் இப்போதே பார்த்து வையுங்கள். சம்பளச் சீட்டில் கழித்த தொகையும் நிதியத்தில் வரவான தொகையும் ஒத்துப்போக வேண்டும்.

நான் இன்னும் சொல்வேன், நல்ல தொகை வந்தால் பேசி முடித்துக்கொள்ளுங்கள். ஐயா இருபதரை மாதம் என்கிறார், அவர்கள் மூன்று என்கிறார்கள். இடையில் எவ்வளவோ இருக்கிறது. பன்னிரண்டு மாதத்துக்குக் குறையாமல் வந்தால் நான் உங்கள் இடத்தில் வாங்கிக்கொள்வேன்.

பழைய சங்கத்துக்காரர்

பன்னிரண்டு குறைவு. ஆனால் அதை முடிவு செய்ய வேண்டியவர் இவர், நாமல்ல. பேசுவதற்கு முன் நாரஹேன்பிட்டியில் தொழில் திணைக்களத்துக்கு ஒரு தடவை போய்வாருங்கள் தம்பி. முறைப்பாடு செய்யக் கட்டணம் இல்லை, வழக்கறிஞரும் தேவையில்லை, தமிழிலேயே எழுதிக் கொடுக்கலாம். நியமனக் கடிதம், சம்பளச் சீட்டுகள், அடையாள அட்டைப் பிரதி, நீங்கள் அனுப்பிய கடிதத்தின் பிரதி, பதிவுத் தபால் பற்றுச்சீட்டு எல்லாவற்றையும் ஒரே கோப்பில் வையுங்கள். அவர்கள் நீட்டிய கடிதத்தின் பிரதி உங்களிடம் இருக்கிறதா?

கொட்டாஞ்சேனை வாசி

இருக்கிறது ஐயா. யோசித்துப் பார்க்கிறேன் என்று சொல்லிக் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

மட்டக்குளி ரமணி

அதைப் பத்திரமாக வையுங்கள் தம்பி. எங்கள் அக்காவிடம் இல்லாமல் போனது அதுதான்.

வெள்ளவத்தைக் கணக்காளர்

நிறுவனத்தின் பதில் வந்ததும் தொகைகளை இங்கே எழுதுங்கள். பணிக்கொடையைத் தனி வரியில் காட்டியிருக்கிறார்களா, இழப்பீட்டோடு கலந்திருக்கிறார்களா என்பதை முதலில் பாருங்கள். கலந்திருந்தால் பிரித்துத் தரும்படி திருப்பி எழுதுங்கள், அதுவரை எந்தத் தாளிலும் கையெழுத்து வேண்டாம்.