ஒரே குட்டை, ஒரே தண்ணீர்: ஒரு லோடு ரோகு மீன் செத்தது, இன்னொரு லோடு நிற்கிறது. ஏன்?

மேலூர்_குட்டைக்காரன்:
வணக்கம். மேலூருக்குக் கிழக்கே எனக்கு 30 சென்ட் பண்ணைக்குட்டை. போன ஆடியில் ரோகு 800, கட்லா 400 விட்டேன். ரோகுவில் பாதி நான் வாங்கியது. மீதியை என் மச்சான் வேறொரு பொரிப்பகத்தில் வாங்கி வந்தார். எவன் மீன் சீக்கிரம் எடை போடும் என்று எங்களுக்குள் பந்தயம். தோற்றவர் கறி விருந்து வைக்கணும். அடையாளத்துக்காக மச்சான் குஞ்சு 400-க்கும் இடது பக்க வயிற்றுத் துடுப்பை நகவெட்டியால் நறுக்கி விட்டோம். அன்றைக்கு எங்கள் முதுகு ஒடிந்துபோனது. துடுப்பு மறுபடி முளைத்தாலும் கோணலாகத்தான் முளைக்கிறது, அதனால் இப்போதும் அடையாளம் தெரிகிறது.

கார்த்திகை மழை விட்டு ராத்திரியில் குளிர் ஏறியதும் மீன் மிதக்க ஆரம்பித்தது. வயிறு உப்பி, செதில் சிலிர்த்து, துடுப்பு அடியில் ரத்தம் கட்டியிருந்தது. அமுக்கினால் மஞ்சளாகத் தண்ணீர் வரும். மீன்வளம் படிக்கும் பையன் ஒருவன் சிறுநீரகத்தை எடுத்துப்போய்ச் சோதித்துவிட்டு ‘ஏரோமோனாஸ்’ என்ற பாக்டீரியா கிருமி என்றான். மூன்று வாரத்தில் 143 ரோகு பொறுக்கினேன். அதில் 112 என்னுடையது, துடுப்பு வெட்டியது 31 மட்டும். கட்லா ஏழோ எட்டோதான். ஒரே தண்ணீர், ஒரே தவிடு, ஒரே பிண்ணாக்கு. இது வம்ச விஷயமா?

கண்மாய்_குத்தகை:
எல்லாம் தண்ணீர் பண்ணும் வேலை தம்பி. மழைக்கு முன்னாடி சுண்ணாம்பு போட்டீங்களா? அடியில் சேறு எவ்வளவு?

மேலூர்_குட்டைக்காரன்:
போடவில்லை அண்ணே, அது என் தப்புதான். ஆனால் தண்ணீர் கெட்டிருந்தால் ரெண்டு லோடுக்கும்தானே கெட்டிருக்கும்?

பொரிப்பகம்_15வருஷம்:
தம்பி கேட்பதில் நியாயம் இருக்கிறது. துடுப்பு வெட்டுப்பட்டு, கையில் பிடிபட்டு, கூடுதலாக அடிபட்டது மச்சான் லோடுதான். அதுவே நின்றிருக்கிறது என்றால் யோசிக்க வேண்டிய சங்கதி.

எங்கள் தொழிலில் நடப்பதைச் சொல்கிறேன். ரோகு குட்டையில் தானாக முட்டை போடாது, ஹார்மோன் ஊசி போட்டுத்தான் எடுக்கிறோம். நல்ல தாய் மீன் ஒரு கிலோ எடைக்கு ரெண்டு லட்சம் முட்டைக்கு மேல் கொடுக்கும். அப்படியென்றால் உங்கள் 400 குஞ்சும் ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகளாக இருக்கலாம். அந்தத் தாய்க்கு ஒரு பலவீனம் இருந்தால் லோடு முழுக்க இருக்கும். சில இடங்களில் வெளியிலிருந்து சினை மீன் கொண்டுவராமல் சொந்தக் குட்டை மீனையே வருஷக் கணக்கில் ஓட்டுகிறார்கள். அண்ணன் தங்கச்சிக்குள்ளேயே கலந்து வம்சம் நைந்து போகும்.

ஆனால் உடனே முடிவு கட்டாதீர்கள். மச்சான் குஞ்சு நாற்றங்காலிலேயே அந்தக் கிருமியை லேசாகப் பார்த்துப் பழகியிருக்கலாம். விடும்போது ரெண்டும் ஒரே அளவா?

மேலூர்_குட்டைக்காரன்:
ரெண்டுமே விரல் நீளம்தான். இன்னொன்று சொல்ல விட்டுப்போச்சு. ஐப்பசியில் வலை இழுத்து எடை போட்டபோது என் மீன்தான் முந்தியிருந்தது! வளர்ந்ததெல்லாம் செத்துப் போச்சு. இப்போது மச்சான் லோடில் பிழைத்ததை வைத்துச் சினை மீன் உண்டாக்கலாமா?

மீன்வளம்_ஓய்வு:
வேகமாக வளர்கிற மீன் நோயையும் தாங்கும் என்று கணக்கு இல்லை. அது வேறு, இது வேறு. புவனேஸ்வரம் பக்கம் கௌசல்யகங்காவில் இருக்கும் சிஃபா என்ற மத்திய நன்னீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனம் 1992-இல் நார்வேக்காரர்களோடு சேர்ந்து, கங்கை, யமுனை, பிரம்மபுத்ரா என்று பல ஆற்று ரோகுவைக் கலந்து ‘ஜெயந்தி’ என்ற ரோகு ரகத்தை உருவாக்கியது. அது வளர்ச்சிக்காகத் தேர்ந்தெடுத்தது. நோய் எதிர்ப்புக்கான தேர்வு அப்புறம் தனியாகச் செய்தார்கள்.

செய்முறை இதுதான். ஒவ்வொரு தாய் தகப்பன் ஜோடியின் குஞ்சையும் தனித்தனியே வளர்த்து, எந்தக் குடும்பம் என்று அடையாளம் காட்ட அரிசி அளவு சிப்பை உடம்புக்குள் வைத்துவிடுவார்கள். ஒவ்வொரு குடும்பத்திலும் சில மீனுக்கு ஏரோமோனாஸ் கிருமியை ஊசியில் ஏற்றி, எந்தக் குடும்பத்தில் எத்தனை பிழைத்தது என்று எண்ணுவார்கள். அடுத்த தலைமுறைக்கு எடுப்பது ஊசி வாங்கிப் பிழைத்த மீனை அல்ல, நோயே படாத அதன் உடன்பிறப்பை. பிழைத்தது கிருமியைச் சுமந்துகொண்டே இருக்கக்கூடும், உங்கள் கேள்விக்குப் பதில் இங்கேயே இருக்கிறது. அப்படித் தேர்ந்தெடுத்த வரிசையின் பிள்ளைகள் மற்றவற்றைவிடக் கூடுதலாகப் பிழைத்தன.

ஆனால் ஏரோமோனாஸுக்கு நிற்கிற ரோகு, உடம்பில் ஒட்டி ரத்தம் குடிக்கும் மீன் பேனுக்கும் நிற்கும் என்று நம்பாதீர்கள். ஒவ்வொரு நோய்க்கும் கணக்கு தனி. சால்மன் மீனுக்கு ஐ.பி.என். என்று ஒரு வைரஸ் நோய் உண்டு. அதில் தாங்குவதும் தாங்காததும் பெரும்பாலும் ஒரே குரோமோசோமில் ஒரே இடத்தில் இருப்பதை ஸ்காட்லாந்திலும் நார்வேயிலும் கண்டுபிடித்தார்கள். அதைப் பார்த்துத் தேர்ந்த முட்டை சந்தைக்கு வந்தபின் நார்வேயில் அந்த நோய் வெகுவாகக் குறைந்தது. எல்லா நோய்க்கும் அப்படி அதிர்ஷ்டம் அடிக்காது. ரோகு, ஏரோமோனாஸ் விஷயத்தில் பல மரபணு சேர்ந்து, ஒவ்வொன்றும் கொஞ்சம் கொஞ்சமாக வேலை செய்கிறது.

அதனால் தம்பி, பத்து மீனை வைத்து வம்சம் உண்டாக்கினால் ரெண்டு தலைமுறையில் மெலிந்துவிடும். விற்றுவிடுங்கள். அடுத்த முறை குஞ்சு வாங்கும்போது, எத்தனை ஜோடி தாய் மீன், எப்போது புது ரத்தம் சேர்த்தீர்கள் என்று கேளுங்கள். பதில் சொல்லத் தயங்கினால் வேறு இடம் பாருங்கள்.

கண்மாய்_குத்தகை:
சரி சார். ஆனால் சுண்ணாம்பையும் போடச் சொல்லுங்க.

மேலூர்_குட்டைக்காரன்:
போடுகிறேன் அண்ணே, சித்திரையில் குட்டையைக் காயவிட்டு. சார், நன்றி. இந்த ஆடிக்கு மூன்று இடத்துக் குஞ்சு, மூன்று விதமாகத் துடுப்பு வெட்டுவதாக இருக்கிறேன். பந்தயம் எடைக்கா, உயிருக்கா என்று மச்சானோடு இன்னும் தகராறு தீரவில்லை. ஞாயிற்றுக்கிழமை விருந்து மட்டும் என் செலவில்தான்.