வடக்குத் தெரு வீடு 🏡 (குடும்பக் குழு, இரவு 11:38)

செல்வி: அம்மாவுக்குக் காய்ச்சல் 101. ரெண்டு நாளா நீர்க்கடுப்பாம், வாயே திறக்கல. ஆஸ்பத்திரில இருக்கோம். டியூட்டி டாக்டர்தான் இருக்காரு

சங்கர்: அட்மிட் பண்ணிரு

கோமதி சித்தி: முருகா 🙏

ரமேஷ்: சுகர்?

செல்வி: 240. பிரஷர் 130/80. டாக்டர் எல்லாம் எங்க வீட்டுக்காரர்ட்டயே கேக்காரு. அம்மா பக்கத்துலதான் உக்காந்திருக்கா

சங்கர்: அம்மாவுக்கு என்ன தெரியும். அட்மிட் பண்ணு

செல்வி: அப்பாவுக்கும் இப்டித்தான் போன்லயே முடிவு பண்ணுன

சங்கர்: அத இப்ப எதுக்கு இழுக்க

சுப்பையா பெரியப்பா: சண்டை போடாதிய. 2008ல சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு ஒண்ணு உண்டு. டெல்லில 44 வயசுப் பொம்பளைக்கு மயக்கம் குடுத்து சோதனை பண்ணிட்டு இருக்கையிலயே, வெளிய நின்ன தாயார்ட்ட சம்மதம் வாங்கி கர்ப்பப்பைய எடுத்துட்டாங்க. கோர்ட் என்ன சொல்லிச்சு? சுயபுத்தியோட இருக்கவளுக்குப் பதிலா தாயார் சம்மதம் செல்லாது. உயிர் போற அவசரம்னா வேற கதை. அதனால முதல்ல உங்க அம்மாட்ட கேக்கச் சொல்லு

ரமேஷ்: பெரியப்பா நீர்க்கடுப்புக்கு சுப்ரீம் கோர்ட்டா 😂

கோமதி சித்தி: சங்கர், உன் மச்சினி வளைகாப்புக்கு எனக்கு மட்டும் ஏன் சொல்லல

சங்கர்: சித்தி 🙏 நாளைக்கு

(12:05)

செல்வி: அம்மாட்ட கேளுங்கன்னு டாக்டர்ட்ட சொன்னேன். ஸ்டூல இழுத்துப் போட்டு உக்காந்தாரு. யூரின் கல்ச்சருக்கு எடுத்தாச்சு, ரிசல்ட் வர ரெண்டு நாள் ஆகும். இப்பவே ஊசி. அட்மிட் ஆகலாம், இல்லன்னா இங்கயே ரெண்டு மணி நேரம் பாத்துட்டு, கஞ்சி வயித்துல தங்குனா வீட்டுக்குப் போலாம்னாரு. நடுக்கம், வாந்தி, பிதற்றல், யூரின் குறைஞ்சாலோ விடியுறதுக்குக் காத்திருக்காம வரணுமாம். கூட ஆள் படுக்கணும்

ரமேஷ்: அம்மா என்ன சொல்லுதா

செல்வி: தண்ணி ஏன் குடிக்கலன்னு கேட்டாரு. கொல்லைல பல்பு பியூஸாம். ராத்திரி கக்கூஸ் போகப் பயந்து சாயங்காலத்தோட நிப்பாட்டிருக்கா. பதினஞ்சு நாளா

ரமேஷ்: அய்யோ

செல்வி: சங்கர் அண்ணே, உன்ட்ட சொன்னாளாமே

கோமதி சித்தி: என்ட்டயும் சொன்னா

சங்கர்: ஆள் அனுப்புறேன்னு சொல்லிருந்தேன்

சங்கர்: சரி இப்ப அட்மிட்டா இல்லையா

செல்வி: வரும்போதே ரெண்டு வளையலையும் கழட்டி முந்தானைல முடிஞ்சு வச்சிருந்தா. இங்கயே படுக்கப் போட்ருவோம்னு நெனச்சிருக்கா

சுப்பையா பெரியப்பா: கையெழுத்து அவளே போடட்டும்

ரமேஷ்: கூட யார் படுக்கது

(1:50)

செல்வி: 99.6. கஞ்சி குடிச்சா. வளையலப் போட்டுட்டா

சங்கர்: டாக்டர் போகச் சொல்லிட்டாரா?