மடக்கை அச்சில் பச்சை நிறம் பூசப் போய்

2014 ஒக்டோபர் 29 காலை கொஸ்லந்த மீரியபெத்த தோட்டத்து லயங்களை மண் மூடியபோது நான் பாடசாலைப் பிள்ளை. அதற்குப் பிறகு இரவில் மழை அடித்தால் எங்கள் அம்மா தூங்கவே மாட்டாங்க. இறுதியாண்டு ஆய்வுக்குத் தோட்டத்து மழைமானிக் கணக்கை எடுத்ததும் அதனால்தான்.

மழை நீடித்த மணித்தியாலம் கிடையச்சில், மணிக்கு எத்தனை மி.மீ. என்பது நிலைக்குத்தச்சில். இரண்டும் மடக்கை அச்சு, அதாவது ஒவ்வொரு படியும் முந்தியதைப் போல் பத்துமடங்கு. இதைத் தாண்டினால் மண் சரியலாம் என்ற எல்லைக்கோடு, ஆய்வாளர் கெயின் 1980இல் தந்தது: 14.82ஐ நேரத்தின் −0.39 அடுக்கால் பெருக்க வேண்டும். 24 மணித்தியால மழைக்கு அது மணிக்கு 4.3 மி.மீ., நாளுக்கு ஏறக்குறைய 103. கோட்டுக்கு மேலே சிவப்பு, கீழே பச்சை பூச நினைத்தேன்.

வரைபடம் போடும் ஆர் மென்பொருளில், பரப்புக்கு நிறம் பூசும் ‘பொலிகன்’ கட்டளைக்குப் பச்சைப் பகுதியின் அடிமட்டமாக 0 கொடுத்தேன். கோடு மட்டும் வந்தது, நிறம் வரவில்லை. இரண்டு இரவு நிறத்தின் பெயரை மாற்றி மாற்றிப் பார்த்தேன். பூச்சியத்துக்கு மடக்கை கிடையாது. அந்த மூலைகள் இரண்டும் கழன்றுபோக, மிஞ்சியது பரப்பே இல்லாத கோடு. சரி, படச்சட்டத்தின் கீழ் விளிம்பையே கேட்போம் என்று ‘பார்’ கட்டளையில் அச்சு எல்லைகளைத் தரும் ‘யூஎஸ்ஆர்’ எடுத்தால் −1.12 என்றது. மழை எப்படி மறையாகும்? அது மழையில்லை, பத்தின் அடுக்கு. பத்தை அந்த அடுக்குக்கு உயர்த்தினால் 0.076. அதைக் கொடுத்ததும் பச்சை நிறைந்தது. அடுக்குவிதிக் கோடு இந்த அச்சில் நேர்கோடு என்பதால் நான்கு மூலையே போதும், நான் நூறு புள்ளி கணித்து வைத்திருந்தேன்.

*

அக்கா, நீங்கள் எழுதியதை வாசித்தேன், எனக்கு வட்டத்தில் இதே பாடு. கொத்மலை ஓயாவின் நீரோட்டத்தையும் வண்டலையும் வரைந்து, வெள்ள நாள்களைச் சுற்றி வட்டம் போட்டேன். முட்டை மாதிரி வந்தது. ஆரை மையத்தைவிடப் பெரிதான இடத்தில் இடப்பக்கமே காணவில்லை. ஆரையை மையத்தோடு கூட்டாமல், பத்தின் அடுக்காக்கி மையத்தைப் பெருக்கிய பிறகுதான் சரிவந்தது. அதிலும் இரண்டு அச்சிலும் ஒரு பத்துமடங்கு ஒரே நீளமாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் நீள்வட்டம்தான்.

*

நன்றி தம்பி, அந்தப் பெருக்கலை நான் யோசிக்கவே இல்லை. படத்தை அம்மாவிடம் காட்டினேன். சிவப்பில் விழுந்த புள்ளிகள் எந்தெந்த நாள் என்று கேட்டாங்க. திகதிகளைச் சொல்லச் சொல்ல, இரண்டு இரவுகளை அவங்களே ஞாபகம் வைத்திருந்தாங்க.