பதின்மடங்கு வழு: ‘மருந்துப் பிழை’ மட்டும் போதாது

அக்கா, நம் சொற்தொகுப்பில் medication error என்பதற்கு நீங்கள் தந்த ‘மருந்துப் பிழை’யோடு எனக்குச் சண்டை இல்லை, பத்திரிகைச் செய்திக்கு அது தாராளமாகப் போதும். ஆனால் இங்கே கொழும்பில் அந்தச் சொல்லைக் கேட்டவுடன் முதலில் தோன்றுவது மருந்தே கெட்டது என்பதுதான். 2023 இல் தரமற்ற இம்யூனோகுளோபுலின் (நோயெதிர்ப்புப் புரத ஊசிமருந்து) விவகாரம் வெளிவந்த பிறகு யாரையும் குறை சொல்ல முடியாது. நம் தொகுப்பு லேடி றிஜ்வே போன்ற சிறுவர் வைத்தியசாலைக்குப் பிள்ளையைக் கூட்டிப்போகும் பெற்றோருக்கும் தாதியர் மாணவருக்கும் என்றால், மருந்து நல்லது, கொடுத்த விதம்தான் பிசகியது என்பது சொல்லிலேயே தெரியவேண்டும். ஆகவே பொதுச் சொல்லாக ‘மருந்தளிப்புத் தவறு’ என்று வைப்போம்.

அதைவிட முக்கியம், குழந்தைகளுக்கு மயக்க மருந்து கொடுக்கும்போது நடக்கிற, தனிப் பெயர் கேட்டு நிற்கிற ஒரு பிசகு. அளவு பத்து மடங்காகிவிடுவது. அம்பியூல்கள் (ஊசிமருந்து அடைத்த கண்ணாடிச் சிறுகுப்பிகள்) பெரும்பாலும் பெரியவர்களை நினைத்துச் செய்யப்பட்டவை. 1 மில்லிலீற்றரில் 10 மில்லிகிராம் மோர்பீன் இருக்கும் அம்பியூலை எடுங்கள். 5 கிலோ குழந்தைக்குக் கிலோவுக்கு 0.1 மில்லிகிராம் என்று கணக்குப் போட்டாலும் தேவை அரை மில்லிகிராம்தான், அதாவது 0.05 மில்லிலீற்றர், அதை ஐதாக்காமல் (திரவம் சேர்த்துச் செறிவைக் குறைக்காமல்) எப்படி அளப்பது? ஐதாக்கும் இடத்தில்தான் பூச்சியம் ஒன்று கூடவோ குறையவோ செய்கிறது.

நாளத்தில் ஏற்றும் பரசிற்றமோல் இன்னும் மோசம். 100 மில்லிலீற்றர் போத்தல், ஒரு மில்லிலீற்றரில் 10 மில்லிகிராம். அதே 5 கிலோ குழந்தைக்குக் கிலோவுக்கு 7.5 மில்லிகிராம் என்றால் 37.5 மில்லிகிராம், அளந்தால் 3.75 மில்லிலீற்றர். மில்லிகிராமை மில்லிலீற்றர் என்று வாசித்து 37.5 ஏற்றிவிட்டால்? இரண்டாவது போத்தலை உடைக்கவேண்டி வந்தாலாவது கை கொஞ்சம் தயங்கும், இங்கே ஒரே போத்தலில் எல்லாம் இருக்கிறது.

இதற்கு ‘பதின்மடங்கு வழு’ என்கிறேன். பள்ளியில் அளவுகருவிகளின் பூச்சிய வழு (zero error) படித்த எவருக்கும் வழு புதிதல்ல. தமிழ்நாட்டு நண்பர்களுக்கு இலக்கண வழு நினைவுக்கு வந்தால் வரட்டும். போன மடலில் வந்த ‘தசமப் பிழை’ அழகுதான், ஆனால் பரசிற்றமோல் கதையில் தசமப் புள்ளி சரியாகவே இருக்கிறது, அலகுதான் மாறிப்போனது. காரணத்தை வைத்துப் பெயரிட்டால் பாதி சம்பவங்கள் வெளியே நிற்கும். விளக்கக் குறிப்பில் தடுப்பையும் எழுதிவிடலாம்: 1.0 என்று எழுதவேண்டாம் (புள்ளி மங்கினால் 10), .5 என்றும் வேண்டாம், 0.5 என்றே எழுதவேண்டும். மில்லிகிராமோடு மில்லிலீற்றரையும் குழந்தையின் எடையையும் சேர்த்து எழுதவேண்டும். ஐதாக்கியதை இரண்டாவது ஆள் தானாகக் கணக்குப் போட்டுப் பார்க்கவேண்டும், முதல் ஆள் சொன்ன விடைக்குத் தலையாட்டக்கூடாது.

அப்புறம், ஒரு மருந்துக்குப் பதில் வேறு மருந்தின் சிரிஞ்சை எடுத்துவிடுவதற்கு வந்த ‘ஊசிமாறாட்டம்’. எனக்குப் பிடிக்கவில்லை. ஆள்மாறாட்டம் மாதிரி குற்றவாடை அடிக்கிறது, இந்தச் சொல் அச்சடித்த படிவத்தில் எந்தத் தாதி தன் கையால் நடந்ததை எழுதிக்கொடுப்பார்? அதோடு மாறுவது ஊசியல்ல, மருந்து நிரப்பிய சிரிஞ்ச். சத்திரசிகிச்சைத் தியேட்டரில் ‘சிரிஞ்ச் மாறிப்போச்சு’ என்றுதான் சொல்வார்கள், ‘சிரிஞ்ச் மாறல்’ என்று விட்டுவிடலாம். ஐஎஸ்ஓ 26825 என்ற சர்வதேசத் தரநியமம் சொல்லும் நிற லேபிள்கள் (தசைகளை இயங்காமல் செய்யும் தசைத் தளர்த்திக்குச் சிவப்பு, மோர்பீன் வகையான ஓப்பியொயிட்டுக்கு நீலம்) இதற்காகத்தான்.

நாளத்தில் செருகிவைக்கும் சிறு குழாயான கனுலாவுக்குள் தங்கிவிடும் மருந்துக்கு இன்னும் பெயர் இல்லை. தியேட்டரில் போட்ட தசைத் தளர்த்தி கொஞ்சம் உள்ளே நின்று, வார்ட்டில் யாராவது சேலைன் தள்ளும்போது உள்ளே போய்க் குழந்தையின் மூச்சை நிறுத்திவிடும். ‘தங்கல் மருந்து’ சரியா? ‘எச்சம்’ என்று தயவுசெய்து யாரும் தொடங்கவேண்டாம், அது பறவைக்கு. ஐதாக்கலுக்குப் பக்கத்தில் ‘நீர்த்தல்’ என்று தமிழ்நாட்டு வழக்கையும் போடுகிறேன், மறுப்பு இருந்தால் சொல்லுங்கள்.