பழைய மிற்சுபிசி ஜீப்பை வைத்திருப்பதா, விற்பதா?

முள்ளியவளை வாசகர் (கேள்வி)

எங்கள் வீட்டில் 4டீஆர்5 டீசல் எஞ்சின் பூட்டிய நீட்டு உடல் மிற்சுபிசி ஜீப் ஒன்று உள்ளது. மீள்குடியேற்றத்திற்குப் பின்னர் 2011 இல் அப்பா அதை அநுராதபுரத்தில் வாங்கினார். இப்போது அவருக்குக் கண்பார்வை மங்கிவிட்டதால் நானே ஓட்டுகிறேன். இந்த ஆண்டு பாடசாலை விடுமுறைக்குக் கனடாவிலிருந்து அக்கா குடும்பம் வருகிறது. ஆவணியில் மடுத் திருவிழாவுக்கும், அதன் பின் நுவரெலியாவுக்கும் எல்லோரும் ஒன்றாகப் போவதாகத் திட்டம். ஜீப்பை விற்றுவிட்டு, வாகன இறக்குமதி மீண்டும் திறந்துவிட்ட இந்த நேரத்தில் குளிரூட்டியுள்ள வான் ஒன்றை வாங்கும்படி அத்தான் சொல்கிறார். அப்பா எதுவும் சொல்லவில்லை. ஆனால் அந்தப் பேச்சு எழுந்த நாளிலிருந்து தினமும் காலையில் போய் அதன் பொனற்றைத் துடைத்துவிட்டு வருகிறார்.

அந்த ஜீப்பில் சொகுசு என்று எதுவும் இல்லை. ஓடும்போது எழும் சத்தத்தில் முன்னால் இருப்பவர் சொல்வது பின்னால் இருப்பவருக்குக் கேட்பதில்லை என்பதால், யாழ்ப்பாணம் போகிற வழியில் முறிகண்டிப் பிள்ளையாரடியில் நிறுத்தித் தேங்காய் உடைத்து, கச்சான் வாங்கிக் கொறிக்கும்போதுதான் அதுவரை அடக்கி வைத்திருந்த கதைகள் எல்லாம் வெளியே வரும். வற்றாப்பளைப் பொங்கலுக்குப் பானையும் விறகும் அரிசியும் பின் இருக்கைக்குக் கீழே போகும். பக்கவாட்டு வாங்கில் இருந்தால் அம்மாவுக்குத் தலை சுற்றும் என்பதால் முன் இருக்கை எப்போதும் அவருக்கே உரியது. மாரியில் குமுழமுனைப் பக்கத்து வயலுக்குப் போகும் பாதை சேறாகி, உழவு இயந்திரங்களே தயங்கி நிற்கும் நாட்களிலும், அது முனகிக்கொண்டாவது எங்களை வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்திருக்கிறது. நாயாறு, கொக்கிளாய்ப் பக்கம் கடற்கரை மணலில் இறங்குவதற்கு வேறு எந்த வண்டியையும் நான் நம்பமாட்டேன்.

எனினும் அன்பு வேறு, பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு மலையேறுவது வேறு என்பதும் எனக்குத் தெரியும். இவ்வகை வண்டியைக் குடும்பத்துடன் நெடுந்தூரம் கொண்டு செல்பவர்கள் புறப்படும் முன்னர் எவற்றைப் பார்ப்பார்கள்? நுவரெலியா வரை நம்பிப் போகலாமா?

கிளிநொச்சி கராச்

தம்பி, விற்க வேண்டாம் என்பதே என் கருத்து. ஆனால் அதற்கான காரணத்தைச் சரியாக விளங்கிக்கொள்ள வேண்டும். இந்த ஜீப் பழுதாகாத வண்டி அன்று. எதில் பழுது வரும் என்பது முன்கூட்டியே தெரிந்த வண்டி. யப்பானில் மிற்சுபிசி நிறுவனம் வில்லிஸ் நிறுவனத்தின் உரிமத்தின் கீழ் 1953 இல் தொடங்கி 1998 வரை ஏறத்தாழ ஒரே சட்டகத்தில் இதனைத் தயாரித்தது. எனவே மாங்குளத்திலோ மல்லாவியிலோ உள்ள சிறிய கராச்சிலும் இதன் அடிப்பாகத்தைக் கண்ணை மூடிக்கொண்டு கழற்றிப் பூட்டக்கூடிய ஒருவர் இருப்பார். அந்த 2,659 சிசி எஞ்சினில் அறுந்துபோவதற்கு டைமிங் பெல்ற் இல்லை. இன்ஜெக்ரர் பம்ப் முழுவதும் பொறிமுறையில் இயங்குவதால் கணினிப் பெட்டி என்ற பேச்சுக்கும் இடமில்லை. புதிய வானில் சென்சர் ஒன்று பழுதானால், நெடுங்கேணிக் காட்டு வீதியில் அதைக் கண்டுபிடிப்பதற்கான கருவியை யார் கொண்டு வருவார்?

முதலில் பார்க்க வேண்டியது பிறேக். இதைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் எங்கள் தட்டையான நிலத்தில் பிறேக்கின் குறை வெளியே தெரிவதில்லை. பிறேக் ஒயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. ஈரம் ஏறிய ஒயில், நீண்ட இறக்கத்தில் பிறேக் சூடேறும்போது கொதித்து ஆவியாகி, மிதியைக் காலடியில் பஞ்சு போலாக்கிவிடும். பரந்தனிலிருந்து முல்லைத்தீவு வரை ஆண்டுக்கணக்கில் ஓடினாலும் அந்தக் குறையை நீங்கள் உணரமாட்டீர்கள். றம்பொடைச் சரிவில்தான் உணர்வீர்கள். ஆகவே பழைய ஒயிலை முழுவதுமாக வெளியேற்றிப் புதியதை விடுங்கள். மாஸ்ரர் சிலிண்டரிலும் நான்கு சக்கரங்களின் சிலிண்டர்களிலும் கசிவு உள்ளதா என்று கழற்றிப் பாருங்கள். இறப்பர் குழாய்களில் வெடிப்பு இருந்தால் தயங்காமல் மாற்றுங்கள். டீசல் எஞ்சினில் பிறேக் உதவிக்கான வெற்றிடத்தைத் தனிப் பம்ப் ஒன்றே உண்டாக்குகிறது. யப்பானிய டீசல் வண்டிகள் பலவற்றில் அது அல்ரனேற்றரின் பின்புறத்தில் பூட்டப்பட்டிருக்கும். அது தேய்ந்தாலோ, அதற்கு ஒயில் கொண்டு போகும் குழாய் கசிந்தாலோ பிறேக் மிதி கல்லாகிவிடும். மலையில் இறங்கும்போது, ஏறிய கியரிலேயே இறங்குங்கள்.

அடுத்தது, நீங்கள் சேற்றிலும் தண்ணீரிலும் ஓட்டுபவர் என்பதால், டிஃபரென்ஷல் ஒயில். டிஃபரென்ஷல் என்பது அச்சின் நடுவே சக்கரங்களைச் சுற்றவைக்கும் பற்சக்கரங்கள் உள்ள கூடு. ஓடிச் சூடான அந்தக் கூடு, குளம் வான் பாயும் இடத்தில் தண்ணீருக்குள் இறங்கியவுடன் திடீரெனக் குளிர்ந்து உள்ளே காற்றை இழுக்கும். மூச்சுக் குழாய் சேற்றால் அடைபட்டிருந்தால் காற்றுக்குப் பதிலாகச் சீல்களின் வழியே தண்ணீரை இழுத்துக்கொள்ளும். ஒயில் பால் நிறமாக இருந்தால் அதுதான் நடந்திருக்கிறது. கடந்த மாரிக்குப் பின் அந்த ஒயிலை மாற்றியிருக்காவிட்டால் இப்போது மாற்றிவிடுங்கள்.

மற்றவை வழக்கமானவை: றேடியேற்றர் குழாய்கள், முன் சக்கரங்கள் திரும்பும் கிங்பின்னுக்கும் ஸ்பிறிங் கொளுக்கிகளுக்கும் கிறீஸ், கிறவல் புழுதி ஏறிய எயார் கிளீனர். நுவரெலியாக் குளிரில் காலையில் ஸ்ரார்ட் எடுக்க ஹீற்றர் பிளக்குகள் நான்கும் வேலை செய்ய வேண்டும். எங்கள் வெப்பத்தில் இரண்டு செத்திருந்தாலும் வண்டி தொடங்கிவிடும் என்பதால் அதுவும் தெரியாமல் கிடக்கும். தார் வீதியில் நான்கு சக்கர இழுவையைப் போடாதீர்கள். முன் அச்சும் பின் அச்சும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற இடங்கொடுக்கும் நடு டிஃபரென்ஷல் இந்த ஜீப்பில் இல்லாததால், வளைவுகளில் முன் சக்கரமும் பின் சக்கரமும் ஒன்றோடொன்று மல்லுக்கட்டிக் கியர்ப் பெட்டியை முறுக்கும்.

வவுனியாத் தகப்பன்

மேலே எழுதிய அண்ணையின் ஆலோசனைகள் எல்லாம் எஞ்சினையும் சக்கரங்களையும் பற்றியவை. நான் பின் இருக்கையைப் பற்றிக் கேட்க விரும்புகிறேன். நீட்டு உடல் ஜீப்பில் பிள்ளைகள் பக்கவாட்டு வாங்கிலே முகம் பார்த்து இருப்பார்கள். அங்கே பட்டி இல்லை. வண்டி திடீரென நின்றால், முன்னோக்கி இருக்கும் பயணியைத் தாங்குவதற்கு முன் இருக்கையின் முதுகாவது இருக்கும். பக்கவாட்டில் இருக்கும் பிள்ளை விழுவதோ பக்கத்துப் பிள்ளையின் மேல் அல்லது இரும்புச் சட்டத்தின் மேல். வற்றாப்பளைக்கு மெதுவாகப் போய்வருவதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் தம்புள்ளைக்குத் தெற்கே ஏ9 வீதியில் பஸ்களும் லொறிகளும் ஓடும் வேகத்துக்கு நடுவே, மணிக்கு ஐம்பது, அறுபது கிலோமீற்றருக்கு மேல் போக விரும்பாத வண்டியில் பிள்ளைகளை அவ்வாறு இருத்திக்கொண்டு போவதை எப்படி நியாயப்படுத்துவது?

விற்கச் சொல்லவில்லை. மடுவுக்கு ஜீப்பில் போங்கள். நுவரெலியாவுக்கு ஓட்டுநருடன் வான் ஒன்றை வாடகைக்கு எடுங்கள். அல்லது மாங்குளத்தில் ரயில் ஏறி, கொழும்பிலிருந்து மலையக ரயிலில் நானுஓயா வரை போங்கள். கனடாவிலிருந்து வரும் பிள்ளைகள் ஜன்னலோரத்தில் நின்று மலையைப் பார்ப்பார்கள். நீங்களும் வீதியைப் பார்க்காமல் அவர்களைப் பார்க்கலாம்.

மல்லாவிப் பெரியவர்

இளையவர்களின் விவாதத்தைப் படிக்க மகிழ்ச்சியாக இருக்கிறது. தொண்ணூறுகளில், பொருளாதாரத் தடைக் காலத்தில், நாங்கள் வன்னி முழுவதும் ஒஸ்ரின் ஏ40 கார்களிலும் மொறிஸ் மைனர்களிலும் மண்ணெண்ணெயில் ஓடினோம். ஒரு போத்தல் பெற்றோலைப் பொன் போல் வைத்திருந்து, காபரேற்றரில் சில துளிகள் விட்டு எஞ்சினைத் தொடக்கி, சூடேறியபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவோம். அந்தக் கார்கள் நல்லவை என்பதால் ஓடவில்லை. ஓட்டியவர்கள் அவற்றின் ஒவ்வொரு இருமலையும் அறிந்திருந்ததால் ஓடின. அந்தப் பழக்கத்தில் சிலர் பின்னாளில் டீசல் வண்டிகளுக்கும் மண்ணெண்ணெய் கலந்தார்கள். டீசல் பம்பின் உட்பாகங்களுக்கு டீசலின் வழுவழுப்பே எண்ணெய். மண்ணெண்ணெய்க்கு அது போதாது, பம்ப் தேய்ந்துவிடும். நீங்கள் அவ்வாறு செய்யமாட்டீர்கள் என்று நம்புகிறேன்.

உங்கள் அப்பாவைப் பற்றி ஒரு சொல். 2009 இன் பின் முள்ளிவாய்க்காலிலும் புதுக்குடியிருப்பிலும் எங்கள் வாகனங்கள் மலைபோல் குவிந்து துருவேறிக் கிடந்ததைக் கண்ட தலைமுறை அது. சைக்கிள்கூட இல்லாமல் முகாமிலிருந்து திரும்பி வந்தவர்கள் வாங்கிய முதல் வாகனத்தின் விலையைச் சந்தையில் கேட்டு அறிய முடியாது. வவுனியாத் தம்பி சொல்வதையும் நான் மறுக்கவில்லை. ஆனால் விற்பதா இல்லையா என்ற முடிவை அவரைக் கேளாமல் எடுக்காதீர்கள். அவர் பேசாமல் இருப்பதைச் சம்மதம் என்று கொள்ளவும் வேண்டாம்.

முள்ளியவளை வாசகர்

எல்லோருக்கும் நன்றி. பெரியவர் சொன்னபடி நேற்று அப்பாவிடம் நேராகவே கேட்டேன். வானைப் பற்றி அவருக்கு எந்த எதிர்ப்பும் இல்லையாம். "அதை வாங்கு, ஆனால் வயலுக்கு அதில் போகமாட்டாய் என்று எனக்குத் தெரியும்" என்றார். வான் இப்போதைக்கு இல்லை, ஜீப் விற்பனைக்கும் இல்லை என்று அத்தானுக்கும் சொல்லிவிட்டேன். நுவரெலியாவுக்கு ரயிலில் போவதாக முடிவு செய்துள்ளோம்.

மடுவுக்கு ஜீப்பில்தான். பின் வாங்குகளைக் கழற்றி, முன்னோக்கிய இருக்கை ஒன்றைப் பட்டிகளுடன் பூட்டலாமா என்று கேட்டுப் பார்க்கிறேன். அப்படிப் பூட்டினால் ஆட்களின் எண்ணிக்கை குறையும். மிச்சப் பேர் பஸ்ஸில் வரட்டும். கராச் அண்ணையிடம் ஒரு கேள்வி: ரயர்களில் பூக்கள் ஆழமாகவே இருக்கின்றன, ஆனால் பக்கச் சுவரில் மெல்லிய வெடிப்புகள் தெரிகின்றன. ஓடலாமா?

கிளிநொச்சி கராச்

பக்கச் சுவரில் நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கங்கள் இருக்கும். முதல் இரண்டும் வாரம், பின் இரண்டும் ஆண்டு. 2316 என்றிருந்தால் 2016 இன் 23 ஆம் வாரத்தில் செய்தது. பூ எவ்வளவு ஆழமாக இருந்தாலும் அத்தனை வயதான ரயரில் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு சித்திரை, ஆவணி வெய்யிலில் தார் வீதியில் ஓடாதீர்கள். வெடிப்புத் தெரிந்தால் நான்கையும் மாற்றுங்கள், ஸ்பெயார் சக்கரத்தையும் பார்க்க மறக்க வேண்டாம். கழற்றியவற்றில் நல்லதாகத் தெரிவதை வயலுக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

இருக்கை பூட்டும்போது, உடற் தகட்டில் மட்டும் ஆணி போடுவதற்கு விடாதீர்கள். பட்டியின் பிடிமானம் அடிச் சட்டகத்தில் போய்ச் சேர வேண்டும், இல்லையென்றால் இழுபடும் வேளையில் தகடே கிழிந்துவிடும். வேலை தொடங்குமுன் வண்டியை ஒரு நாள் இங்கே கொண்டு வாருங்கள். அப்பாவையும் கூட்டி வாருங்கள். எந்தச் சத்தம் எப்போது தொடங்கியது என்பதை அவர்தான் சரியாகச் சொல்வார்.