புதுப்பிப்பு: தேநீரும் நிக்கோட்டின் சூயிங்கமும்

சிகரெட்டை விட்ட பிறகு தேநீர் குடித்ததும் வேட்கை ஆளை உலுக்குகிறது, நிக்கோட்டின் சூயிங்கமும் கைகொடுக்கவில்லை என்று முன்பு புலம்பியிருந்தேன். காரணத்தை மருந்துக்கடைக்காரர் சொன்னார். தேநீர், காபி, குளிர்பானம் குடித்த கையோடு மென்றால் வாய் நிக்கோட்டினைச் சரியாக உறிஞ்சாது. 15 நிமிட இடைவெளி வேண்டும். மெல்ல மென்று, காரம் ஏறியதும் கன்னத்தில் ஒதுக்கிவிட வேண்டும். விடாமல் மென்றால் மிச்சம் விக்கல்தான்!

இன்னொன்று: புகைப்பவர் உடல் காஃபீனை வேகமாகக் கழிக்கும். நிறுத்தியதும் அதே அளவு காபி கூடுதலாக வேலை செய்யும். என் படபடப்பில் பாதி அதனால்தான் போலிருக்கிறது. காபியைக் குறைத்தேன், தூக்கம் வருகிறது.

1800-11-2356 என்ற கட்டணமில்லா ஆலோசனை எண்ணையும் குறித்துவைத்திருக்கிறேன். ஆனால் டீக்கடையில் நண்பர்கள் பற்றவைக்கும்போது இன்னும் தடுமாற்றம்தான். அதைச் சமாளித்தவர்கள் எழுதுங்கள்.